கள்ளிக்கோட்டைக்கு வழி காட்டியவனும் நீயும்

என் உயிரைக் கரை சேர்த்த மச்சான்,

நீ கண்ணை மூடி ஏழு மாதம். வருகிற திங்கட்கிழமை எனக்கு அகதி விசா நேர்முகம். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

மகள் தாரணியைப் பள்ளியில் போர்த்துக்கீசக் கடலோடிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆபிரிக்காவைச் சுற்றி வந்தவர்களுக்கு அதற்கப்பால் வழி தெரியாதாம். அங்கே கிழக்குக் கரையில் ஒரு மாலுமியை ஏற்றித்தான் கள்ளிக்கோட்டைக்குக் கடல் கடந்தார்களாம். கப்பல் தலைவனுக்குச் சிலை இருக்கிறது. "வழி காட்டின ஆளின்ர பேரை ஏனப்பா ஒருத்தரும் ஒழுங்கா எழுதி வைக்கேல்ல?" என்றாள். பிறகு, "நீங்கள் ஊரில இருந்து இஞ்ச வந்த போட்டை ஆர் ஓட்டினது?"

"எல்லாரும் மாறி மாறி," என்றேன்.

அப்படித்தானே பேசி வைத்தோம்? கூட்டி வந்த ஓட்டி காய்ச்சலில் விழுந்ததும் நீதான் சுக்கானைப் பிடித்தாய், பதினொரு நாள். கடற்படைக் கப்பலைக் கண்டதும், ஓட்டியவனை ஆட்கடத்தல்காரன் என்று உள்ளே போடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். "என்ர பேரை ஒருத்தரும் வாயில எடுக்கக்கூடாது," என்றாய். விபூதிக்காரரும் செபமாலைக்காரரும் ஒன்றாகச் சத்தியம் பண்ணினோம். என் வாக்குமூலத்திலும் அந்தப் பொய்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை எங்கள் டண்டினொங் ஊர்ப் பள்ளி மண்டபத்தில், போட்டில் வந்த நாற்பது பேரும் மாறி மாறி ஓட்டினார்கள் என்று தாரணி அதையே சொன்னாள். ஒரு தகப்பன் சிரித்தார். "ஒரு சுக்கானை நாற்பது பேரா?" பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். உன் பெயர் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன், மச்சான். சீ, நானும் ஒரு மனிதனா!

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது, "யூ நோ ஹிஸ் நேம், அப்பா," என்றாள்.

திங்கட்கிழமை உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டால், நம்மோடு வந்த ராசன் அண்ணை போனில் கத்துகிறார். "விசரா உனக்கு? இப்ப மாத்திச் சொன்னால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்!" நீ இருந்தாலும் அப்படித்தான் ஏசியிருப்பாய். ஆனால் இனி உன்னை யார் உள்ளே போட முடியும்? இப்போது நான் காப்பாற்றுவது என்னை மட்டும்தானே?

தாரணி தன் பள்ளிக் கொப்பியில் 'எல்லாரும் மாறி மாறி' என்ற வரியை வெட்டிவிட்டு, பெயருக்கு இடம் விட்டிருந்தாள். இன்று காலை உன் ஊரோடு உன் பெயரை என் கையால் எழுதினேன்: பேசாலைச் சூசை குரூஸ்.

"குரூஸ் போர்த்துக்கீசப் பேரல்லோ!" என்று துள்ளினாள்.

"ஓம் பிள்ளை. ஆனா வழி தெரிஞ்சது எங்கட ஆளுக்கு."

திங்கட்கிழமை விசா அதிகாரியின் மேசைக்கு முன்னால் உன் பெயரை முழுதாகச் சொல்வேன். இது நான் உனக்குப் பண்ணும் இரண்டாவது சத்தியம்.

முதல் சத்தியத்தை முறிக்கப்போகும்,
உன் மச்சான்