உத்தரம் போய்ச் சேர்ந்த கதை

செடெனாக்
3-9-1934

சௌபாக்கியவதி மகள் செல்வராணிக்கு அம்மா எழுதுவது. இங்கே விடாத மழையையும் அப்பாவின் சேற்றுப்புண்ணையும் தவிர மற்றதெல்லாம் சுகம். பினாங்கில் மாப்பிள்ளையும் நீயும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மாளைக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்குச் சளி விட்டதா? தலைக்கு ஊற்றியதும் ஈரம் போகத் துவட்டு, உனக்கு எப்போதும் அவசரம்.

உன் தம்பி மனோகரனுக்கு லாயாங் லாயாங் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் சதாசிவத்தின் மகள் புஷ்பவள்ளியைப் பேசியது உனக்குத் தெரியும். ஜாதகம் பொருந்தி, பையனுக்கும் பிடித்துப்போய், உன் அப்பாதான் சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு நாளைக் கடத்தினார். பொறுத்துப் பார்த்த வாத்தியார், சீக்கிரம் உத்தரம் அனுப்பச் சொல்லி ரயில்வே வீரமுத்துவிடம் சொல்லிவிட்டார். படித்த மனிதர், பதில் என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. உன் அப்பாவோ மரம் அறுக்கும் கொட்டகைக்காரர், வாத்தியார் வீட்டில் புதிதாக ஓர் அறை எடுக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தார். கூரைக்குக் குறுக்கே போடும் உத்தரத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, வைரம் பாய்ந்த மரமாகப் பார்த்து இழைத்து, கூட்ஸ் வண்டியில் ஏற்றிவிட்டார்.

அதை ஆறு பேர் தூக்கிப்போய் வாத்தியார் வாசலில் போட்டார்களாம். பெண்ணைத் தருகிறோம் என்றால் கட்டையைக் காட்டுகிறார்களே என்று அவர் மனைவி ஒரே அழுகையாம். மறுநாள் காலை வண்டியில் வாத்தியார் வந்து இறங்கினார், சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தார். சம்பந்தமும் வேண்டாம் மரமும் வேண்டாம் என்றார். உன் அப்பா திகைத்துப்போய், நீங்கள்தானே உத்தரம் கேட்டீர்கள் என்றார். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு காப்பியை வைத்துவிட்டுச் சொன்னேன், “வாத்தியாரய்யா, அதாங்க எங்க பதில். உங்க பொண்ணு எங்க வீட்டத் தாங்கப் போறவ. வாயால சரின்னு சொன்னா போதாதுன்னுதான் இவங்க அத அனுப்புனாங்க.”

வாத்தியார் காப்பியைக் கையில் எடுத்தார். பிறகு முகம் மலர்ந்து பாடமே நடத்தினார். உத்தரம் வடமொழிச் சொல்லாம், மேலே இருப்பது என்றும் பின்னால் வருவது என்றும் பொருளாம். சுவர்மேல் கிடப்பதால் மரத்துக்கு அந்தப் பெயர், கேள்விக்குப் பின்னால் வருவதால் பதிலுக்கும் அந்தப் பெயர். நாம் சொல்கிற விட்டம் குறுக்கே கிடப்பதாம், அதனால்தான் வட்டத்தின் குறுக்கே போகிற கோட்டையும் விட்டம் என்கிறார்களாம். இரண்டு பொருளையும் யோசித்தா அனுப்பினீர்கள் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். உன் அப்பா தொண்டையைக் கனைத்து, “ஆமாங்க, யோசிச்சுத்தான் செஞ்சேன்” என்றார். அப்படிச் சொன்னபிறகு சம்பந்தத்தை அவர் எப்படி மறுப்பார்? அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டோம். தையில் கல்யாணம். மரம் அறையைவிட நீளமாம், அறுக்க மனமில்லாமல் வாத்தியார் அறையை நீட்டிக் கட்டுகிறார்.

நீ பத்து நாள் முன்னதாகவே வந்துவிடு. வந்ததும் அப்பா இந்தக் கதையைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லுவார். தலையை ஆட்டிக் கேள், முகத்தைப் பார்த்துச் சிரித்துவிடாதே. அடக்க முடியாவிட்டால் அடுப்படிக்கு ஓடி வா, நானும் அங்கேதான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன்.

மஞ்சள் குங்குமத்தோடு நீடூழி வாழ வாழ்த்தும்,
உன் அம்மா
காளியம்மா