வதனிக்கு ஒரு முகம்

மே 24

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. காலையில் கூட்டித் தள்ளிய புழுதி பத்து மணிக்குத் திரும்பவும் மேசையில். ஸ்கானர் கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தேன்.

வேலை:
– பூப்புனித நீராட்டு அல்பம், கண்டாவளை. பிள்ளையை வெள்ளையாக்கச் சொன்னார்கள். ஆக்கினேன். இன்னும் என்றாள் தாய். இன்னும் ஆக்கினேன். இப்போது அது வேறு யாருடையதோ பிள்ளை. எல்லோருக்கும் சந்தோசம்.
– கண்ணீர் அஞ்சலி (இனி க.அ.) ஒன்று.
– கலியாண அழைப்பிதழ்: இல்லை.

இந்த மாதம் ஒரு கலியாண வேலையும் வரவில்லை. எல்லாம் எதிர்க்கடைக்கு. அவன் போனில் இருக்கிற ஏ.ஐ. செயலிக்குச் சொல்ல, அது படம் செய்து கொடுக்கிறது. மாப்பிள்ளை யானையில் வருகிறார். யானைக்கு ஐந்து கால். எண்ணிப் பார்க்க ஆளில்லை.

நான் கொம்பியூட்டரோடு இந்தக் கடையைத் திறந்த அன்று, தூரிகையால் கடைப் பெயர்ப்பலகை எழுதுகிற ஒரு அண்ணை வாசலில் வந்து நின்று பார்த்தார். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. இன்று முழுக்க அது நினைவில்.

மே 25

விசுவமடுவிலிருந்து பாக்கியம் அம்மா. அறுபத்தைந்து இருக்கும். வீட்டுத்திட்டத்தில் கட்டிய புது வீட்டுக்கு யூன் 5 குடிபூரல். விறாந்தையில் மாட்ட மூத்த மகள் வதனியின் படம் பெரிதாக வேண்டுமாம். வதனி கடைசிச் சண்டையில், செல் குண்டு விழுந்து செத்தவள். பத்தொன்பது வயது. மிஞ்சியது ஒரேயொரு படம், அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம். பொலித்தீனில் சுற்றித் தாயின் நெஞ்சுச் சட்டைக்குள் இருந்து, தப்பி வரும்போது களப்புத் தண்ணீருக்குள்ளால் வந்தது. மங்கல்தான். ஆனாலும் முகம் இருக்கிறது.

“பொலித்தீனைக் கழட்டாதேங்கோ பிள்ளை. ஒட்டிப்போச்சுது. அப்பிடியே வச்சு எடுங்கோ.”

ஓம் என்றேன்.

முதலில் எதிர்க்கடைக்குத்தான் போனாராம். அவன் அந்த இடத்திலேயே ஒரு முகம் காட்டினானாம், சினிமாக்காரி மாதிரி. நான் கையால் செய்வேன் என்று யாரோ சொல்லி இங்கே வந்திருக்கிறார். பெருமையாக இருந்தது.

மே 27

மூன்று தரம் ஸ்கான். மூன்றிலும் பொலித்தீன் பளபளத்து முகத்தின் நடுவில் வெள்ளைத் திட்டு. மூன்றையும் அழித்தேன். பிளேட் நுனியால் ஒரு மூலையைத் தூக்கினேன். வந்தது. இன்னும் கொஞ்சம். வந்தது. பிறகு எல்லாம் வந்தது.

முகம் பொலித்தீனோடு போய்விட்டது. செதில் செதிலாக. கடதாசியில் மிச்சம் கழுத்தும் ஒரு காதும்.

செதில்களைப் பொருத்தப் பார்த்தேன். விரலில் மாவாகிப் போயின. கையைக் கழுவினேன். கழுவிய பிறகுதான் யோசித்தேன், எதைக் கழுவினேன் என்று.

கதவைச் சாத்திவிட்டு இருந்தேன். அழுகை வரவில்லை. க.அ. ஒன்றுக்கு ஒருவர் வந்து தட்டினார். திறந்து, செய்து கொடுத்தேன். ஒரு எழுத்துப்பிழை இல்லை.

மே 29

பாக்கியம் அம்மாவுக்குச் சொல்ல மூன்று விதமாக வசனம் கட்டிப் பார்த்தேன். மூன்றும் சரிவரவில்லை. எதிர்க்கடைக்குத் தெரிந்தால் பொழுதுபடமுதல் ஊருக்குத் தெரியும். சொல்லாததற்குக் காரணம் அதுதான். வேறு நல்ல காரணம் எழுத ஆசை, இல்லை.

மத்தியானம் அவரே போன் எடுத்தார். “பிள்ளை வந்திட்டாளோ?” பஸ்ஸில் வருகிறவளைக் கேட்பதுபோல. வாறாள் என்றேன். இளையவள் சுபாவும் தமக்கையும் ஒரு சாயல் என்றார், தானாகவே.

சுபாவுக்கு முகநூல் இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை, சிநேகிதிகளோடு நிறையப் படம். நல்லதாக ஒன்றை எடுத்தேன்.

ஒரு வருடமாக நான் திட்டிய அதே செயலிதான். சுபாவின் முகத்தைக் கொடுத்து, பத்தொன்பது வயது, இரட்டைப் பின்னல், பழைய ஸ்ரூடியோப் படம் என்றேன். தேத்தண்ணி ஆறமுதல் நாலு முகம். ஒன்று பல்லுத் தெரியச் சிரித்தது. ஒன்றுக்கு ஒரு கண் பெரிது. ஒன்று கிழவி. மிஞ்சியதை எடுத்தேன்.

கழுத்தும் காதும் அசல். பொருத்துத் தெரியாமல் செய்யப் பின்னேரம் முழுக்கப் போனது. அது மட்டும் கைவேலை. நன்றாகச் செய்தேன்.

யூன் 2

பிரேம் போட்டாயிற்று. பாக்கியம் அம்மா வந்து வாங்கினார். கண்ணில் வெண்படலம் படர்ந்திருக்கிறது, முகத்தோடு முகம் வைத்துத்தான் பார்த்தார். கனநேரம். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்பவும் பார்த்தார்.

“இப்பதான் என்ர பிள்ளை தெளிவாயிருக்கிறாள்.”

பிறகு சின்னப் படத்தைக் கேட்டார். பிரேமுக்குப் பின்னால் பத்திரமாக வைத்து ஒட்டியிருக்கிறேன், கழற்றினால் பழுதாகும் என்றேன். அந்தக் கடதாசி உண்மையாகவே அங்கேதான் இருக்கிறது. ஆகவே பொய் இல்லை.

யூன் 5

குடிபூரல். போகாமல் விட ஏலாது. பால் காய்ச்சி முடிய எல்லோரும் விறாந்தைக்கு வந்தார்கள். படத்துக்கு மாலை. வதனியோடு படித்த ஒருத்தி விம்மி அழுதாள், அதே பார்வை, அதே பார்வை என்று. எந்தப் பார்வை? தையல் மெசினுக்கு முன்னால் இருந்து இளையவள் எடுத்த படத்தின் பார்வை.

சுபா பந்தியில் பரிமாறினாள். படத்துக்கு முன்னால் இரண்டு தரம் நின்றாள். இரண்டாம் தரம் தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள்.

வடை நல்லது. மூன்று சாப்பிட்டேன்.

யூன் 9

க.அ. இரண்டு. மை முடிகிறது, வாங்க வேண்டும்.

பதினொரு மணிக்குச் சுபா. தோளில் உடுப்புப் பை. மேசையில் இரண்டு பொருள் வைத்தாள்: தன் முகநூல் படம் திறந்திருந்த போன், முகமில்லாத கடதாசி. பிரேமைக் கழற்றிப் பார்த்திருக்கிறாள்.

மறுக்கவில்லை. எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. நேற்றுத் தாய்க்குச் சொன்னாளாம். செத்த தமக்கையில் உனக்கு எரிச்சல் என்று தாய் கன்னத்தில் அறைந்து, வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டாராம். இப்போது சிநேகிதியின் வீட்டில்.

“ஒவ்வொரு நாளும் அம்மா அந்தப் படத்தோடதான் கதை. என்னோட ஒரு கதையில்லை. அது நான்தான் அக்கா.”

போனின் திரையை அணைத்து அவள் பக்கம் தள்ளினேன்.

“நான் சொன்னா நம்பமாட்டா. நீங்கள் சொன்னா நம்புவா. ஒருக்கா வந்து சொல்லுங்கோ, அது காணும்.”

நாளைக்கு வாறன் என்றேன்.

யூன் 10

அவளுடைய ஸ்கூட்டியில், பின்னால் இருந்து. வழி முழுக்க வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். இந்தத் தரம் சரியாக வந்தது.

பாக்கியம் அம்மா படத்துக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். கிணற்றில் தண்ணீர் வற்றுகிறது என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரையைத் துடைத்துத் தந்தார். சுபா வாசலோடு நின்றாள்.

“சொல்லுங்கோ பிள்ளை. இது என்ர வதனிதானே?”

கோபமில்லை. கேட்டார், அவ்வளவுதான். அவரை நினைத்தேனா, கடையை நினைத்தேனா? முதலில் கடையை.

“ஓம் அம்மா. வதனிதான்.”

அப்போ அந்தக் கடதாசி என்ன என்று கேட்டாள் சுபா. பழைய படம், நான் வைத்தபோது நன்றாக இருந்தது, பிரேமைக் கழற்றும்போது உரிந்திருக்கும் என்றேன். சொல்லிக்கொண்டு வரும்போதே விளங்கியது, பழி எவள் தலையில் விழுகிறதென்று. நிறுத்தவில்லை. முழு வசனத்தையும் சொல்லி முடித்தேன்.

பாக்கியம் அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். இந்தத் தரம் அடிக்கவில்லை.

“கடைசியா இருந்ததையும் அழிச்சுப்போட்டியோ?”

சுபா என்னைத்தான் பார்த்தாள். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். எனக்குத் தேத்தண்ணி கிடைத்தது. குடித்தேன். பஸ்ஸில் திரும்பினேன்.

யூன் 11

காற்று குறையவில்லை. மை வந்தது.

கடை திறக்கமுதல் வாசலில் மூன்று பேர், விசுவமடுச் சனம். பாக்கியம் அம்மா வீட்டில் படம் பார்த்தவர்கள். எதிர்க்கடையைத் தாண்டி என்னிடம் வந்திருக்கிறார்கள், நான் கையால் செய்கிறேனாம். ஒருவரிடம் பாதி எரிந்த படம். ஒருவரிடம் பள்ளிக்கூட வகுப்புப் படம், மகனின் தலை அரிசியளவு. கடைசியாக நின்ற தகப்பனிடம் படமே இல்லை. எல்லாம் சண்டைக்குள் பதுங்கிய பங்கர்க் குழிக்குள் போய்விட்டதாம். சும்மா கேட்டுப் பார்க்க வந்தாராம்.

அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டேன். மகனுக்குச் சகோதரம் யாரும் இருக்கினமோ என்று கேட்டேன்.

தம்பி ஒருவன் இருக்கிறானாம். செட்டிகுளத்தில்.

படம் அனுப்பச் சொன்னேன்.