குதிக்காமல் இறங்கி வந்த நாள்

ஆடி 9, வெள்ளி.

இன்னிக்குத்தான் முதல்முறையா குதிக்காம இறங்கி வந்தேன். பெருந்துறைப் பக்கம் தண்ணி நிறைஞ்ச பாறைக்குழியில சூட்டிங். கதாநாயகிக்கு டூப்பா நான் உச்சியிலிருந்து குதிக்கணும். இதைவிட உயரத்திலெல்லாம் குதிச்சவதான். ஆனா ஆடிக்காத்து என்னைப் பாறைப் பக்கமே தள்ளுச்சு. "ஆக்‌ஷன்"னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. கால் நகரலை.

ஸ்டண்ட் மாஸ்டர் பழனிச்சாமியண்ணன் திட்டுவார்னு நினைச்சேன். அவர் மைக்கை வாங்கி, "எறங்கி வா கண்ணு. பொம்மையைப் போட்டு எடுத்துக்கறோம்"னார்.

மேனேஜருக்குக் கோபம். "ஏனுங்க, பயந்தாங்கொள்ளியவா கூட்டிட்டு வந்தீங்க?"

"அந்தப் புள்ள பயந்து நான் பாத்ததே இல்லீங்க. இன்னைக்குப் பயப்படுதுன்னா காத்து அப்படி இருக்குதுங்க."

பொம்மைக்கு என் சேலையைக் கட்டித் தள்ளினாங்க. காத்து அதைப் பாறையில அடிச்சுப்போட்டுது. தலை தனியா தண்ணியில விழுந்துச்சு. அண்ணன் என் பையைத் தூக்கிட்டு வண்டி வரைக்கும் வந்தார்.

துடியலூர் வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர்கிட்ட, "இன்னிக்குக் குதிக்கலீங்க"ன்னேன்.

"அதான் தலை காஞ்சிருக்குதா? வா, சாப்புடலாம்."

பொம்மையைப் பத்தி நான் சொல்லலை. பாப்பா என் மேல காலைப் போட்டுத் தூங்கறா. பாரமா இருக்கு. எடுக்க மனசில்லை.