பலகையில் தொங்கிய இரண்டு பெயர்கள்

அனுப்புநர்:
ஐலா நீமி,
தீயணைப்பாளர் மற்றும் அவசர மருத்துவ உதவியாளர்,
தீயணைப்பு நிலையம், ஹெரான் பே, மின்னசோட்டா.

பெறுநர்:
நகர நிர்வாகி அவர்கள்,
நகர மன்றம், ஹெரான் பே.

பொருள்: பொய்ப் பதிவு செய்ததாகக் கேப்டன் டாரல் கோஸ்கி மீது திங்களன்று நடைபெறவுள்ள விசாரணையைக் கைவிடவும், காலியான இரண்டு பணியிடங்களை நிரப்பவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எரியும் வீட்டுக்குள் இருவர் நுழைந்தால் வெளியே இருவர் நிற்க வேண்டும் என்பது விதி. யார் உள்ளே, யார் வெளியே என்பதைப் தீயணைப்பு வண்டியிலுள்ள பலகையில் பெயர்த் தகடுகளை மாட்டிக் காட்டுவோம். முன்பு எங்கள் அணியில் நால்வர். வெர்ன் ஹாக்லண்ட் இறந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. கார்லா மெட்சா வேலையை விட்டு இரண்டாண்டுகள். போனவரின் தகட்டை அவர் இடத்துக்கு வருபவர்தான் கழற்ற வேண்டும் என்பது எங்கள் நிலையத்து வழக்கம். யாரும் வரவில்லை. தகடுகள் பலகையின் ஓர ஆணியிலேயே இருந்தன.

2. பிப்ரவரி 12 பிற்பகல், ஆர்வோ லாட்டி என்பவரின் வீட்டோடு ஒட்டிய சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்பிலிருந்து வீட்டுக்குத் தீ பரவியது. டாரல் தீயணைப்பு வண்டியையும் நான் ஆம்புலன்ஸையும் ஓட்டிச் சென்றோம். ஆர்வோ ஏரியில் மீன்பிடிக்கப் போயிருப்பதாக அக்கம்பக்கத்தார் கூறினர். ஆனால் அவரை விட்டு நகராத அவருடைய நாய் கதவையே பார்த்துக்கொண்டு நின்றது. நாய் பார்ப்பது விதிப்படி சாட்சியம் ஆகாது. அடுத்த ஊர் வண்டி வர இருபத்தைந்து நிமிடங்கள் ஆகும். உள்ளே போவதென்று டாரல் முடிவு செய்தார். அவர் குழாய் மாட்டிக்கொண்டிருந்தபோது, வெர்ன், கார்லா தகடுகளை 'வெளியே' என்ற வரிசையில் மாட்டியது நான். அவரைக் கேட்கவில்லை.

3. அது எனக்குத் தூக்கமில்லாத தொடர் பணியின் நாற்பத்தாறாவது மணி நேரம். பனி அவசரமே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே புகை வெள்ளையாக, மெத்தென்று இருந்தது. பின்னால் ஒருவர் நின்று தள்ளிவிடாவிட்டால் தண்ணீர்க் குழாய் கதவு மூலையில் சிக்கும். அன்று சிக்கவில்லை. யாரோ அளந்து அளந்து விடுவதுபோல் வந்துகொண்டே இருந்தது. வாக்கி டாக்கிப் பதிவில் தாங்கள் கேட்டது இதுதான்:

"வெர்ன், இன்னும் கொஞ்சம் விடுங்க."

"யார்கிட்ட பேசற?"

"வெர்ன்கிட்ட, கேப்டன்."

"சரி, அப்படியே இன்னும் பத்தடி விடச் சொல்லு."

இதைக் கொண்டு எங்கள் இருவருக்கும் புத்தி பேதலித்துவிட்டதாகத் தங்கள் விசாரணைக் குறிப்பாணை கூறுகிறது. தூங்க விட்டால் தெளிந்துவிடும் என்று பணிவுடன் தெரிவிக்கிறேன்.

4. சவுனா வாசலில் ஆர்வோ கிடந்தார். மூச்சு இழை போல் ஓடியது. ஆம்புலன்ஸில் ஒருவர் ஓட்ட, ஒருவர் சிகிச்சை செய்தாக வேண்டும். இருவரும் கிளம்பினோம். வீட்டைத் தீயிடமும் பனியிடமும் விட்டுவிட்டுப் போனோம். பாதி வழியில் அவர் கண் திறந்து, "வீடு போனா போகட்டும், சவுனா தப்பிச்சுதா?" என்று கேட்டார். சந்தோஷத்தில் நான் அழுதேன். தகடுகளைக் கழற்ற மறந்தது அப்போதும் நினைவுக்கு வரவில்லை.

5. அடுத்த ஊர்த் தீயணைப்பாளர்கள் வந்து, பலகையில் எங்கள் இருவர் பெயரும் 'உள்ளே' வரிசையில் இருப்பதைப் பார்த்தார்கள். வெளியே நிற்க வேண்டிய இருவரையும் காணோம். எங்களைத் தேடி உள்ளே போயிருப்பார்கள் என்று எண்ணி, பெயர் சொல்லிக் கூவியபடியே புகைக்குள் நுழைந்தார்கள். மாடிப்படி இடிந்து ஜோடி பிராண்ட் என்ற பெண்ணுக்குக் கால் முறிந்தது. இறந்துபோன ஒருவரைத் தேடி அவர் விழுந்தார். நேற்று மருத்துவமனையில் அவர், "அந்த வெர்ன் கடைசில கிடைச்சாரா?" என்று என்னிடம் கேட்டார். அவர்கள் கூவியது வெர்னுக்குக் கேட்டிருக்கும் என்று மட்டும் தோன்றுகிறது.

6. ஆகவே பலகையில் இருந்த பொய்ப் பதிவு என்னுடையது. தண்டனையை எனக்கே தாருங்கள். டாரலை நீக்கினால் எங்கள் அணியில் பணிசெய்ய நான் ஒருத்திதான் மிஞ்சுவேன். எங்கள் வழக்கத்தை மீறி இன்று காலை இரண்டு தகடுகளையும் நானே கழற்றிவிட்டேன். இத்துடன் அனுப்புகிறேன். அந்த இடங்களுக்கு உயிருள்ள இரண்டு பெயர்களை அனுப்பிவையுங்கள். அதுவரை, நாங்கள் உள்ளே போகும்போது வாசலில் யாரும் இல்லை என்பதைப் பலகை உள்ளபடியே காட்டும்.

இடம்: ஹெரான் பே
நாள்: 20.02.2026

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ஐலா நீமி

இணைப்பு: பெயர்த் தகடுகள் இரண்டு. வெர்னின் தகட்டிலுள்ள காபிக் கறை அவர் வைத்தது. துடைக்க வேண்டாம்.