பெரிய பொட்டலங்கள் எங்கே தொலைகின்றன

8/9 திங்கள்

காலையில் நல்ல வெயில். மதியத்துக்கு மேல் குமுளி மலைப் பக்கம் இருட்டு. மழை இல்லை. அம்மா மாதா பிறந்தநாள் பூசைக்கு இராயப்பன்பட்டி போய்விட்டாள். காபி நானே போட்டேன். சர்க்கரை அதிகம்.

ஆன்லைன் ஏலம் இன்று நாறிவிட்டது. திராட்சை லாட் ஒவ்வொன்றுக்கும் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. கொச்சி வியாபாரி போனில் கத்தல்: "ஞான் விலை அடிச்சு எவ்வளவு நேரமாச்சு! உங்க கம்ப்யூட்டர் உறங்குதா?"

சுருளிப்பட்டி முத்துப்பேச்சி அக்காவின் பழம் அடிமாட்டு விலைக்கு முடிந்தது. முடிந்த பிறகுதான் கொச்சிக்காரரின் விலை வந்து விழுந்தது. எவ்வளவோ மேலே. என்ன பிரயோசனம்? பழம் லாரி ஏறிவிட்டது.

சனிக்கிழமை மூன்று சர்வர்களிலும் கெர்னலை மாற்றியது நான்தான். என்னைக் குற்றம் சொல்ல முதலாளி பாண்டியராஜ் அண்ணனுக்கு அது போதும். கெர்னல் என்றால் வண்டிக்கு இஞ்சின் மாதிரி என்று போன வாரமே சொல்லியிருந்தேன்.

"நல்லா ஓடிக்கிட்டு இருந்த இஞ்சின்ல ஏம்மா கைய வச்ச?"

"ஓட்டை இருந்துச்சுண்ணே. அடைச்சேன்."

"அடைச்சதுல தண்ணியே வரலியே."

ஆபீஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பழைய கெர்னலில் திருடர்கள் நுழைய ஓட்டை இருக்கிறது என்று அறிவிப்பு வந்து வாரக்கணக்கில் ஆகிறது. வியாபாரிகளின் வங்கி விவரம் மொத்தமும் அந்த சர்வர்களில்தான் இருக்கிறது. மாற்றியது சரி. நாளைக்கும் அதையேதான் சொல்வேன்.

வாங்க: குடை, சோப்பு, அம்மாவின் பிரஷர் மாத்திரை.

9/9 செவ்வாய்

புழுக்கம். மாத்திரை மறந்துவிட்டேன். அம்மாவிடம் திட்டு.

சர்வர்களை வாடகைக்கு விட்டிருக்கும் கிளவுட் கம்பெனிக்கு போன். ஒரு பையன், சென்னைக் குரல்.

"பிங் சூப்பரா இருக்கு மேடம். எங்க சைடுல ஒண்ணும் இல்ல."

"பிங்னா சும்மா 'இருக்கியா'ன்னு கேட்டுப் பாக்குறது, சின்னதுங்க. பெருசா எதையாவது அனுப்பிப் பாருங்க."

"உங்க ஊர்ல இன்டர்நெட் எப்படி மேடம்? கம்பம்னா... வில்லேஜ் சைடா?"

சர்வர் மும்பையில். ஒரு சர்வரிலிருந்து பக்கத்து சர்வருக்குப் போவதே ஆமை வேகம். இதில் கம்பம் எங்கே வந்தது? சொன்னேன். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. நான் பதிந்த புகாரை மூடினான். திறந்தேன். மறுபடி மூடினான். மறுபடி திறந்தேன். யாருக்கு முதலில் அலுக்கிறது என்று பார்ப்போம்.

சந்தேகப் பட்டியல்:
வியாபாரிகளின் சிக்னல். இல்லை. எங்கள் ஆபீஸ் ஃபைபரிலும் இதே கதை.
டேட்டாபேஸ். சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது.
பக்கத்து வாடகைக்காரர்களின் நெரிசல். மூன்று சர்வருக்கும் ஒரே நாளிலா? நம்ப முடியவில்லை.
கெர்னல். ஆம், இருக்கலாம். மனசுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்க்கத்தான் வேண்டும்.

சாயங்காலம் பாண்டியராஜ் அண்ணன் (இனி பா.அ.) வியாபாரிகளின் வாட்ஸப் குழுவுக்கு ஒரு அறிவிப்பு தயார் செய்து காட்டினார். 'வியாபாரிகள் சிக்னல் நன்றாக உள்ள இடத்திலிருந்து கலந்துகொள்ளவும்.' என் பெயரில் போக வேண்டுமாம்.

"இது பொய்ணே."

"பொய் இல்லம்மா, சமாளிப்பு."

"நான் அனுப்ப மாட்டேன்."

"அப்ப பழைய இஞ்சினையே மாட்டு. வியாழக்கிழமை ஏலமும் இப்படி ஆச்சுன்னா கோயமுத்தூர்ல ஒரு பார்ட்டி இருக்காக, அவுககிட்ட வேலையக் குடுத்துருவேன்."

"வரச் சொல்லுங்க. பழசை மாட்ட மாட்டேன்."

வேலை போனால் என்ன செய்வது என்று பஸ்ஸில் யோசித்தேன். பதில் கிடைக்கவில்லை. ஜன்னல் சீட் கிடைத்தது.

10/9 புதன்

விடியும்போதே மேகம். பழம் கொடியில் நிற்கும்போது மழை பெய்தால் வெடித்துவிடும். வழியெல்லாம் அதே பேச்சு.

ஒரே மாதிரி இரண்டு சோதனை சர்வர் எடுத்தேன். ஒன்றில் பழைய கெர்னல், ஒன்றில் புதியது. ஏலத்தில் ஒவ்வொரு லாட்டுக்கும் காட்டும் திராட்சைப் படங்களை இரண்டிலிருந்தும் வெளியே அனுப்பினேன்.

பழையது: கண் சிமிட்டுவதற்குள்.
புதியது: நகரவே இல்லை.
பிங்: இரண்டிலும் ஒன்றுதான்.

ஆக, சின்னது போகிறது, பெரியது போகவில்லை. உள்ளே வருவது சரி, வெளியே போவது மோசம். தரவு பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும்; அந்தப் பொட்டலங்களைப் பிடித்துப் பார்த்தேன். அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறது.

எனக்காக எழுதி வைக்கிறேன், மறந்துவிடுவேன். பெரிய தரவைச் சின்னப் பொட்டலமாக நறுக்கும் வேலையை சர்வர் தன் நெட்வொர்க் கார்டிடம் தள்ளிவிடும். நமக்கு நிஜ கார்டு கிடையாது, மெய்நிகர் கார்டு, அதாவது கார்டு போல நடிக்கும் மென்பொருள். உண்மையில் நறுக்குவது அடியில் இருக்கும் கிளவுட் கம்பெனியின் மெஷின். புதிய கெர்னல் முன்பைவிடப் பெரிய கட்டாகக் கொடுக்கிறது. அடியில் இருப்பது அதை வாங்கத் தெரியாமல் கீழே போடுகிறது.

நறுக்குவதை கார்டிடம் தள்ளாதே, நீயே நறுக்கு என்று புதியதில் அமைப்பை மாற்றினேன். ஒரே ஒரு கட்டளை. படங்கள் பறந்தன. எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேசையில் "என்னக்கா, பாம்பா?" என்றார்கள்.

மூன்று சர்வரிலும் மாற்றியாயிற்று. கண்டதையெல்லாம் கம்பெனிப் புகாரிலும் எழுதிப் போட்டேன். சிபியூ கொஞ்சம் கூடுதலாக உழைக்கிறது. உழைக்கட்டும்.

சர்வரின் திங்கள்கிழமைப் பதிவையும் பார்த்தேன். கொச்சிக்காரரின் விலை நம் முதல் சர்வருக்குச் சரியான நேரத்தில் வந்திருக்கிறது. அங்கிருந்து கணக்கு சர்வருக்குப் போகும் வழியில், படங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அவர் சிக்னலில் ஒரு குறையும் இல்லை.

பா.அ.விடம் காட்டினேன். நம் தப்பு என்று அறிவிப்பு போடலாமா என்று கேட்டேன்.

"சரியாயிருச்சுல்ல? அப்ப விடும்மா. ஊரைக் கூட்டி எதுக்கு?"

அந்த நேரம் பார்த்து முத்துப்பேச்சி அக்கா படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எம் பழத்துல என்ன கொறையக் கண்டீக? அழுகலா? புளிப்பா?"

பா.அ. சிக்னல் என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்தேன். "பழத்துல ஒண்ணுமில்லக்கா. எங்க சர்வர்லதான் கோளாறு. கூட வெலை கேட்டாக. அது எங்க கிட்ட மாட்டிக்கிட்டு லேட்டா போயிருச்சு."

அக்கா என்னையே பார்த்தார். "சொல்லிட்ட. எம் பழம் திரும்பி வருமா?"

"வராதுக்கா."

"பாதித் தோட்டம் இன்னும் வெட்டல. மானம் இருட்டிக்கிட்டு நிக்குது. நாளைக்கு ஒழுங்கா நடக்குமா?"

"நடக்கும்."

"வெட்டச் சொல்றேன். ஏமாத்துன, அம்புட்டையும் உங்க வாசல்ல கொட்டிட்டுப் போயிருவேன் ஆத்தா."

"கொட்டுங்க."

பா.அ.வின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பயந்திருப்பேன்.

11/9 வியாழன்

கூடலூரில் தூறல் என்றார்கள். இங்கே இல்லை. குடை வாங்கிவிட்டேன், நீலம்.

ஏலத்துக்கு முன்பே குழுவில் என் பெயரில் போட்டேன்: 'திங்கள்கிழமை தாமதம் எங்கள் சர்வரால் வந்தது. உங்கள் சிக்னலால் அல்ல. சரிசெய்துவிட்டோம். ஜெசிந்தா.'

பா.அ. போனைப் பிடித்துக்கொண்டே வந்தார். "யாரைக் கேட்டு அனுப்புன?"

"உங்களைத்தான் கேட்டேன். வேணாம்னீக. அனுப்பிட்டேன்."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஏலம் ஆரம்பித்துவிட்டது. என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். அவர் வாயில் ஏலக்காய் வாசனை.

முதல் லாட், பட்டென்று முடிந்தது. அடுத்தது. அடுத்தது. அக்காவின் பழத்துக்குக் கொச்சியும் சென்னையும் மோதிக்கொண்டன. விலை ஏற ஏறத் திரை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. கொச்சிக்குத்தான் போனது.

அக்கா போன்: "மழை இப்பத்தான் எறங்குது. வெட்டியாச்சு, ஏத்தியாச்சு." நன்றி எல்லாம் சொல்லவில்லை. "திங்கக்கிழமை விட்டது விட்டதுதான், அதையும் மறந்துராத" என்றார். மறக்க மாட்டேன்.

மத்தியானம் தயிர்சாதம். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

12/9 வெள்ளி

மழை. செருப்பெல்லாம் சேறு.

கிளவுட் கம்பெனியிலிருந்து மெயில். அடியில் இருக்கும் மெஷினில் சரிசெய்துவிட்டார்களாம், நறுக்குவதை கார்டிடம் தள்ளும் பழைய அமைப்பையே திரும்பப் போட்டுக்கொள்ளலாமாம். மன்னிப்பு என்ற சொல் இல்லை. தேடித்தான் பார்த்தேன்.

பா.அ.: "அதான் சரிபண்ணிட்டாகல்ல, போட்டுவிடும்மா."

"அவுக சொன்னாகன்னு போட முடியாதுண்ணே. பாத்துட்டுத்தான்."

சோதனை சர்வரில் மட்டும் போட்டு, படங்களை அனுப்பினேன். கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிட்டது. பா.அ.வைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும் கோடு நகராமல் நிற்பதைப் பார்த்தார். பிறகு கம்பெனிக்கு அவரே போன் போட்டார்.

"சரியாகலைங்க. இல்ல, எனக்குச் சொல்லத் தெரியாது. இருங்க, எங்க இன்ஜினியர் பேசுவாக."

போனை வாங்கினேன். "எழுதிக்கங்க" என்றேன், "முதல்ல இருந்து சொல்றேன்."