சைரன் ஊமையான நாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், படிக்கட்டைக் கண்டாலே முனகும் அப்பாவின் முழங்காலும் பழையபடி நலம். உன் நலம், போனில் சொல்லும் நலம் அல்ல, நிஜமான நலம் அறிய ஆவல்.

இந்த வயதில் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள் என்றால் சிரிப்பாய். ஆஸ்பத்திரியில் எங்கள் சலவைக்கூடம் உட்பட எல்லாப் பிரிவு மேற்பார்வையாளர்களையும் ஓர் அறையில் உட்காரவைத்து, கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்றார் பயிற்சி தர வந்த அம்மா. கவனித்தேன், கவனித்துக்கொண்டே தூங்கிப்போனேன். கனவில் நீ சின்னவளாக, காயப்போட்ட போர்வைகளுக்குள் புகுந்து புகுந்து ஓடினாய், எந்தப் போர்வையை விலக்கினாலும் உன் கால் மட்டும்தான் தெரிந்தது. என் குறட்டையில் நானே விழித்துக்கொண்டேன். பாய்லர் பார்க்கிறவர், "அக்கா, நீங்கதான் முதல் மார்க்" என்று கேலி செய்தார். மேலே இருப்பவர் பதறினால் கூடமே பதறும், ஆளின் உடம்பு கெட்டபின் துணி வெளுத்து என்ன பயன், அதனால் யாரிடமும் வாயைத் திறக்கும்முன் பக்கத்தில் நின்று மூன்று மூச்சு விடுங்கள் என்று சொல்லி அனுப்பினார் அந்த அம்மா.

மறுநாள் அப்படியே செய்தேன். நான் போடும் சத்தத்துக்கு சைரன் என்று பட்டப்பெயர் வைத்த கூடத்தில் சைரன் ஊமையாக வந்து நின்றால் என்ன ஆகும்? ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று மதியத்துக்குள் வதந்தி காட்டுத்தீயாய்ப் பரவிவிட்டது. அது தெரியாமல் போர்வை மடிக்கும் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றேன். நீராவியில் எல்லாம் வெள்ளையாய் மிதந்தது, நானும் மிதப்பதுபோல் இருந்தது. எப்படியிருக்கே என்று தினமும் கேட்டால், கேள்வி முடியும்முன்னே "நல்லாயிருக்கேன்க்கா" என்கிறவள் அவள். அன்று என் மௌனம் தாங்காமல், "அக்கா, வேலையை விட்டு எடுத்துடாதீங்க, கொஞ்ச நாளா தலை சுத்துது, சொன்னா அனுப்பிடுவீங்கன்னு மறைச்சேன்" என்று அழுதுவிட்டாள். அனுப்பத்தான் அனுப்பினேன், வீட்டுக்கு அல்ல, மாடியில் இருக்கும் டாக்டரிடம். ரத்தம் குறைவாம், மருந்து கொடுத்திருக்கிறார்கள். இப்போது உட்கார்ந்தே மடிக்கிறாள்.

அவள் "நல்லாயிருக்கேன்" என்ற வேகம் எனக்குப் பழகிய வேகம், கண்ணு. நீயும் அங்கே ஆட்களை வேலை வாங்குகிறாய், போனை எடுத்ததும் அதே வேகத்தில் அதையே சொல்கிறாய், நான் அடுக்கும் கேள்விக்கெல்லாம் உம் கொட்டுகிறாய். கனவில் தெரிந்த கால் மாதிரி உன் குரலின் ஓரம் மட்டும்தான் எனக்குக் கிடைக்கிறது.

உன் உடம்பும் மனசும் குளிர்ந்திருக்க அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், ஆனால் எதுவும் கேட்கமாட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே, இந்தப் பக்கம் மூச்சு விட்டபடி நான்தான் இருப்பேன்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா