முன்பே ஒருவர் கண்டுபிடித்த மங்கல் ஒளி

என் சிசிலியக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. தென்னூரில் வெயில் கொல்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சமைத்து, அப்பாவுக்குக் காலில் தைலம் தேய்த்துவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை. இருந்தாலும் உனக்கு ஒரு செய்தி சொல்லியாக வேண்டும்.

அந்தச் சித்திரை நினைவிருக்கிறதா? கல்லூரியில் பௌதிகம் நடத்திய நேரம் போக, கண்ணாடி தேய்த்துத் தேய்த்து நீயே செய்த டெலஸ்கோப். அதை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர், "பீரங்கியா டீச்சர்?" என்பார். வறண்ட காவிரி மணலில் நிறுத்திப் பார்த்தபோதுதான், உன் வரைபடத்தில் இல்லாத அந்த மங்கல் ஒளி தெரிந்தது. அணைந்த தீக்குச்சியின் புகை போல. வால்நட்சத்திரம் என்று துள்ளினாய். வால்நட்சத்திரமென்றால் நகரும்; ஒரு வாரம் பார்த்தும் அது இடம் மாறவில்லை.

கல்லூரிக்குப் பேச வந்த விஞ்ஞானியிடம் கேட்டாய்.

"அது கேலக்ஸிம்மா. கோடி கோடியா நட்சத்திரம். லென்ஸ் மாதிரி நடுவுல பருத்து, ஓரம் மெலிஞ்சிருக்கும். சரியாத்தான் பார்த்திருக்கீங்க. ஆனா ரொம்ப காலத்துக்கு முன்னாடியே ஒருத்தர் கண்டுபிடிச்சுட்டார்."

மறுநாள் மாலை மறுபடி டெலஸ்கோப் குழாயைத் தூக்கினாய்.

"எவனோ பார்த்ததைப் பார்க்கவா இன்னும் போறே?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

அவர் ஒரு நாளும் உன்னோடு வரவில்லை. பிறகு உனக்கு நோய், புத்தூர் ஆஸ்பத்திரி. பிறகு நீயே இல்லை.

போன வாரம் அவராகவே கேட்டார்: "அவ பார்த்ததை எனக்குக் காட்டுறியா ரெஜி?" மணலில் நடக்க முடியாதேப்பா என்றேன். "உன் தோளைப் பிடிச்சுக்கறேன்."

ஒரு தோளில் அவர், மறு தோளில் குழாய். முதல் நாள் அகப்படவில்லை. மறுநாளும் இல்லை; அலுப்பில் அழுதுவிட்டேன். நேற்றுதான் கிடைத்தது. "நேரா பார்க்காதீங்கப்பா, கொஞ்சம் ஓரமா பாருங்க, அப்பத்தான் மங்கலானது தெரியும்" என்றேன். வெகு நேரம் குனிந்திருந்தார்.

"தெரியுதும்மா."

உண்மையாகவே தெரிந்ததா? கண்புரை விழுந்த கண் அக்கா அது. என் களைப்பைப் பார்த்துச் சொன்னாரா? நான் கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், யாரென்றே தெரியாதவரிடம், சொன்னார்: "எம் மூத்த பொண்ணு வானத்துல ஒண்ணு கண்டுபிடிச்சா."

நான் திருத்தவில்லை.

ஆற்றில் தண்ணீர் வரும்வரை, உடம்பு இடம் கொடுக்கும் நாளெல்லாம் அவரை அழைத்துப் போவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ரெஜினா